ஏழாம் எண் வாக்கியம்

ரிப்போர்ட் சார் என்று அவருக்குப் பட்டம் வைத்தது பிள்ளைகள் இல்லை, கூட வேலை பார்த்த வாத்தியார்கள்தான். கிண்டலாகத்தான் ஆரம்பித்தார்கள். அவர் தயவில்லாமல் ஒரு பருவ முடிவைக்கூடத் தாண்ட முடியாது என்று ஆனபிறகு கிண்டல் மரியாதையாகிவிட்டது. சும்மா சொல்லக்கூடாது, அறிக்கை எழுதுவதில் மனிதர் கில்லாடி.

அவர் தலையெடுப்பதற்கு முன்னால் அந்தப் பள்ளிக்கூடத்தில் நடந்த கூத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். பருவத்துக்குப் பருவம் ஒவ்வொரு பிள்ளையைப் பற்றியும் இரண்டு மூன்று வரி எழுதி வீட்டுக்கு அனுப்ப வேண்டும். வகுப்பு நிறையப் பிள்ளைகள். எழுதி எழுதிக் கை ஓய்ந்துபோன வரலாற்று வாத்தியார் ஒரு பையனைப் பற்றி, 'உட்கார்ந்த இடத்திலேயே முளைத்துவிடுவான் போலிருக்கிறது' என்று எழுதித் தொலைத்தார். மறுநாள் காலை அந்தப் பையனின் அப்பா வாசலில் நின்றுகொண்டு, "எம் புள்ள முளைச்சா உனக்கென்னய்யா, தண்ணி ஊத்து!" என்று தெருவே கூடும்படி சத்தம் போட்டார். வரலாற்று வாத்தியார் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார். தலைமையாசிரியை வந்து கையைப் பிசைந்துகொண்டு நின்றார்.

அப்போதுதான் நம்மவர் வாக்கியப் பட்டியலைக் கொண்டுவந்தார். நாற்பது வாக்கியம், ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். வாத்தியார் மதிப்பெண்ணுக்குப் பக்கத்தில் எண்ணைக் குறித்தால் போதும், அலுவலகக் கணினி வாக்கியத்தை அச்சடித்துத் தள்ளிவிடும். ஒன்றில்கூட யார் மனதையும் நோகடிக்கிற சொல் கிடையாது. குறையைச் சொன்னாலும் கூடவே ஒரு நல்லதைச் சொல்லும். புகார் அடியோடு நின்றுபோயிற்று. மற்ற பள்ளிக்கூடங்களிலிருந்து அவரைக் கூப்பிட்டு, நல்ல அறிக்கை எழுதுவது எப்படி என்று வகுப்பெடுக்கச் சொன்னார்கள். 'பார்த்ததை எழுது, பார்க்காததை எழுதாதே, சுருக்கமாக எழுது' என்று பலகையில் கொட்டை எழுத்தில் எழுதிவிட்டுத்தான் பேசவே ஆரம்பிப்பார்.

நாற்பதில் ஏழாம் எண்தான் எல்லோருக்கும் செல்லம். 'அமைதியானவர், ஒழுங்கானவர். வகுப்பில் இன்னும் பங்கெடுத்துக்கொண்டால் சிறப்பார்.' வாயைத் திறக்காத எந்தப் பிள்ளைக்கும் இது பொருந்தும். பெயரைப் பார்த்ததும் முகம் ஞாபகத்துக்கு வரவில்லையா, யோசிக்காதே, ஏழாம் எண்ணைப் போட்டுவிட்டு அடுத்த பெயருக்குப் போ. ஆசிரியர் அறையில் இதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

இப்படி நிம்மதியாகப் போய்க்கொண்டிருந்தபோதுதான் அது நடந்தது. நடுப்பருவ விடுமுறை முடிந்து பள்ளி திறந்த அன்று, காலை வரிசையில் தலைமையாசிரியை தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார். ரிப்போர்ட் சார் வகுப்புப் பிள்ளை ஒருத்தி விடுமுறையில் மூளைக்காய்ச்சல் வந்து இறந்துபோய்விட்டாள். எல்லோரும் தலையைக் குனிந்து நின்றார்கள். சாரும் நின்றார். நிற்கும்போதே அவருக்கு நெஞ்சில் ஏதோ இடறியது. பெயர் தெரிகிறது, தினமும் வருகைப் பதிவில் கூப்பிட்ட பெயர்தானே. முகம் வரவில்லை. எவ்வளவு இழுத்துப் பார்த்தும் வரவில்லை. காலியான இடத்தைப் பார்த்தால் வந்துவிடும் என்று வகுப்புக்குப் போனார். பிள்ளைகள் நகர்ந்து உட்கார்ந்து இடத்தை நிரப்பிவிட்டிருந்தார்கள். மூன்று வருஷம் அந்தப் பிள்ளைக்கு மொழிப்பாடம் நடத்தியவர், அவள் எந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள் என்று தெரியாமல் சுண்ணக்கட்டியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்.

அந்த வாரக் கடைசியிலேயே அப்பா வந்துவிட்டார். டிரைவர் உடுப்பு, கக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் உறை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்துகொண்டு, "சார், நான் அவளோட அப்பா" என்றார். எவளுடைய அப்பா என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. ஏதோ புகாரோடுதான் வந்திருக்கிறார் என்று சார் நினைத்துவிட்டார்.

"ரொம்ப வருத்தமா இருக்குங்க. என்ன சொல்றதுன்னே தெரியல" என்றார்.

"சொல்றதுக்கு என்ன சார் இருக்கு." அந்த மனிதர் உறையைப் பிரித்து மேசைமேல் அறிக்கைகளை வரிசையாகப் பரப்பினார். மூன்று வருஷத்து அறிக்கைகளும் இருந்தன. "எல்லாத்தையும் அவ அம்மா பத்திரமா வெச்சிருந்தா. இப்பத்தான் உக்காந்து படிச்சேன். எல்லாத்துலயும் அமைதியானவர், ஒழுங்கானவர்னு எழுதியிருக்கீங்க. ஒரு தடவகூட மாத்தல. நான் வீட்ல சொன்னேன் சார், இத்தன தடவ ஒருத்தர் மாறாம எழுதறார்னா புள்ளைய அவ்வளவு உன்னிப்பா கவனிச்சிருக்காருன்னு."

அட கடவுளே! இதற்கு அவர் கன்னத்தில் அறைந்திருந்தாலும் பரவாயில்லை என்றிருந்தது சாருக்கு.

"நான் பஸ் ஓட்டறேன் சார். மொத டிரிப் என்னுது. கெளம்பறப்போ தூங்கிட்டிருப்பா. திரும்பி வர்றப்பவும் தூங்கிட்டிருப்பா. லீவு நாள்ல ஓவர்டைம் பாப்பேன், அவளுக்காகத்தான். பொண்ண வளத்தேன்னு பேரு, நான் பாத்ததெல்லாம் போர்வைக்கு வெளிய தெரியற கால்தான்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, சிரிக்கிற மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளப் பார்த்தார். முடியவில்லை. "எங்கள விட உங்ககூடத்தான் சார் அவ முழிச்சிருந்த நேரம் பூரா இருந்தா. அதான் கேக்க வந்தேன்."

"கேளுங்க."

"அமைதின்னு போட்டிருக்கீங்களே, அது எந்த மாதிரி அமைதி? பஸ்ஸுல நான் கண்ணாடில பாக்கறேன்ல, பேசாம வர்றவங்கள்லயே ரெண்டு வகை இருக்கு. ஜன்னல் வழியா வேடிக்க பாத்துகிட்டு சந்தோஷமா வர்றவங்க இருக்காங்க. எப்படா எறங்குவோம்னு பல்லக் கடிச்சுகிட்டு வர்றவங்களும் இருக்காங்க. எம் பொண்ணு இங்க எந்த வகைல இருந்தா சார்? அவ்வளவுதான் எனக்குத் தெரியணும்."

சார் வாயைத் திறந்தார். நாற்பது வாக்கியங்களும் வரிசையாக வந்து போயின. ஒன்றுகூட உதவவில்லை. எனக்கு அவளைத் தெரியாது ஐயா, மன்னித்துக்கொள்ளுங்கள் என்று ஒரு மனிதனாகச் சொல்லியிருக்கலாம். அதற்கு நாக்கு எழவில்லை. பதிலுக்கு என்ன சொன்னார் தெரியுமா? "வாயால சொன்னா ஏதாவது விட்டுப்போகும். எழுதியே தர்றேன். ரெண்டு நாள் கழிச்சு வாங்க" என்றார்.

அந்த அப்பாவின் முகம் மலர்ந்ததைப் பார்த்தபிறகு பின்வாங்க வழியே இல்லாமல் போய்விட்டது.

சும்மா இருந்துவிடவில்லை அவர், அதையும் சொல்ல வேண்டும். தேடினார். மூன்று வருஷத்து மதிப்பெண் பட்டியலை எடுத்துப் பார்த்தார். எந்தப் பாட வாத்தியாரும் அவளுக்கு ஏழாம் எண்ணைத் தவிர வேறு போட்டிருக்கவில்லை. வருடக் கடைசியில் எடுத்த வகுப்புப் புகைப்படத்தைத் தேடிப் பிடித்தார். பின்வரிசையில், ஒரு உயரமான பெண்ணின் தோளுக்குப் பின்னால், ஒரு நெற்றியும் ஒரு கண்ணும் தெரிந்தன. அவ்வளவுதான். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தாலும் அந்தக் கண் யாருடையதாகவும் ஆகவில்லை.

கணக்கு டீச்சரிடம் கேட்டார். அந்த அம்மாவுக்கு வாய் கொஞ்சம் நீளம்.

"எந்தப் பொண்ணு? ஐயோ, அந்த செத்துப்போன புள்ளயா? பாவம் சார். எனக்கு சரியா ஞாபகமில்ல. கணக்குல நாப்பதும் அம்பதும் வாங்குவா போல."

"அது பட்டியல்லயே இருக்கு டீச்சர். ஆள் எப்படி?"

"என்னக் கேட்டா? நீங்கதான நம்பர் போட்டா போதும்னீங்க! நம்பர் போட்டோம். இப்ப வந்து ஆள் எப்படின்னா நான் எங்க போவேன்?" என்றவர், அவர் முகம் போன போக்கைப் பார்த்துக் குரலைத் தணித்துக்கொண்டார். "பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணக் கேளுங்களேன். புள்ளைங்களுக்கு எல்லாம் தெரியும்."

நல்ல யோசனைதான். அடுத்த பாடவேளையில் வகுப்புக்குப் போய், பக்கத்தில் உட்கார்ந்திருந்தது யார் என்று வகுப்புத் தலைவியிடம் தெரிந்துகொண்டு, அந்தப் பெஞ்சு வரை போயும்விட்டார். சுவரோரம் ஒல்லியாக ஒரு பெண். அவரைப் பார்த்ததும் பயந்து எழுந்து நின்றாள். "என்ன சார்?"

கேட்டிருக்கலாம். என்ன குறைந்துவிடப் போகிறது? ஆனால் கேட்டால் அத்தனை பிள்ளைகளுக்கும் தெரிந்துபோகும், சாருக்கு அவளைத் தெரியாது என்று. நாளைக்கு நாம் செத்தாலும் இவருக்கு நம்மைத் தெரியாது என்று அதுகள் நினைக்கும். அந்த வெட்கத்தில், "ஒண்ணுமில்ல. நோட்ட நேரா வெச்சு எழுது" என்று சொல்லிவிட்டு மேசைக்குத் திரும்பிவிட்டார். இவ்வளவு படித்த மனிதருக்கு அந்த ஒரு கேள்வி பெரிய மலையாகிவிட்டது பாருங்கள்.

சாயங்காலம் எல்லோரும் போனபிறகு ஆசிரியர் அறையில் உட்கார்ந்தார். வெள்ளைத் தாளை எடுத்துப் பெயரை எழுதினார். அடுத்த வரி வரவில்லை. பார்க்காததை எழுதாதே என்று ஊர் ஊராகச் சொன்ன வாய். பார்க்காமல் இருந்ததைப் பற்றி என்ன எழுதுவது என்று யாருக்கும் சொல்லிக்கொடுத்ததில்லை, அவருக்கே தெரியாது.

அந்த நேரத்தில்தான் வேறொருத்தி நினைவுக்கு வந்தாள். பல வருஷத்துக்கு முன் அதே வகுப்பில் படித்த ஒரு வாயாடி. அவளை மறக்கவே முடியாது. காற்றும் மழையுமாக அடித்த ஒரு மத்தியானம், மற்றப் பிள்ளைகள் அலறிக்கொண்டிருக்கும்போது பெஞ்சுமேல் ஏறி நின்று ஜன்னலின் மேல்தாழ்ப்பாளைப் போட்டாள். இறங்காமல் அங்கேயே நின்று ஒரு பாட்டையும் எடுத்துவிட்டாள், வகுப்பே கூடச் சேர்ந்து பாடியது. ரிப்போர்ட் சார் மாதிரியே கண்ணாடியை மூக்குநுனியில் தள்ளிக்கொண்டு பேசிக் காட்டுவாள். அவர் பார்க்காததுபோல் கதவுக்கு வெளியே நின்று சிரித்திருக்கிறார். புதிதாகச் சேர்ந்த பிள்ளை அழுதால் கையைப் பிடித்துத் தன் பக்கத்தில் உட்காரவைத்துக்கொள்வாள்.

பேனா தானாக ஓடத் தொடங்கியது. அவர் கற்றுவைத்திருந்த வித்தை அத்தனையும் கைகொடுத்தது. வெறுமனே நல்லவள் என்று சொல்லாமல் என்ன செய்தாள் என்று எழுதினார். பத்திக்கு ஒரு சம்பவம். மழை எந்தப் பக்கமிருந்து அடித்தது என்பதுவரை எழுதினார், அப்போதுதான் நம்புவார்கள். எழுதி முடித்துப் படித்துப் பார்த்தபோது அவருக்கே கண் கலங்கிவிட்டது. வேலைக்கு வந்த நாளிலிருந்து அதுபோல ஒன்றை அவர் எழுதியதில்லை.

சொன்ன நாளில் அப்பா வந்தார். தாழ்வாரத்தில் நின்றபடியே படித்தார். உதடு அசைய, எழுத்தை விரலால் தொட்டுத் தொட்டுப் படித்தார். பாதியில், "பெஞ்சு மேலயே ஏறிட்டாளா!" என்று சத்தமாகச் சிரித்தார். "வீட்ல பூன மாதிரி நடப்பா சார். அடிப்பாவி! உங்களப் போலவே பேசிக் காட்டினாளா? நீங்க கோவிச்சுக்கலியா?" கேட்டுக்கொண்டே உடைந்துபோய்ச் சுவரில் சாய்ந்து அழுதார். அழுது முடித்துச் சாரின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். "ஜன்னல் சீட்டு சார் அவ. ஜன்னல் சீட்டு. இனிமே நான் தூங்குவேன்."

யாருக்கு என்ன நஷ்டம் என்று சார் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டார். பொய்தான், ஒப்புக்கொள்கிறேன், ஒரு மனிதனுக்குத் தூக்கம் வருகிறதே. இப்படியெல்லாம் சொல்லிக்கொண்டாலும் அன்றிலிருந்து அவரால் வருகைப் பதிவைத் தலைகுனிந்தபடியே படித்துவிட்டுப் போக முடியவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் முகத்தைத் தேடினார். பிள்ளைகள், சாருக்கு என்ன ஆயிற்று, இப்படி முறைக்கிறார் என்று ஒன்றையொன்று இடித்துக்கொண்டன.

சில வாரம் போயிற்று. ஒரு மத்தியான இடைவேளையில் ஒரு பெண்மணி ஆசிரியர் அறை வாசலில் வந்து நின்றார். சலவைக்கடை வேலையில் வெந்துபோன கைகள். அவசரமாக நடந்து வந்ததில் மூச்சு வாங்கியது. "நான் அவளோட அம்மா. அஞ்சு நிமிஷம் பேசணும்" என்றார். உட்காரச் சொன்னதும் உட்கார்ந்து, பையிலிருந்து அந்தத் தாளை எடுத்து மேசைமேல் வைத்தார். மடித்து மடித்து ஓரமெல்லாம் துணிபோல் நைந்திருந்தது.

"இன்னிக்கு அவருக்கு லீவு, தூங்கறாரு. சட்டப் பாக்கெட்லேர்ந்து எடுத்துட்டு வந்தேன்" என்றார். "நீங்க பயப்படாதீங்க சார். சண்ட போட வரல."

சார் தாளில் தன் கையெழுத்தை அடையாளம் கண்டுகொண்டார்.

"அவ பக்கத்துல உக்காந்திருந்த பொண்ணு வீட்டுக்கு வந்துச்சு. அதுவா வந்துச்சு, பாவம், யாரும் கூப்பிடல. ரொம்ப நேரம் பேசிட்டிருந்துச்சு. எம் பொண்ணு காலைலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் ஒரு வாய் தண்ணி குடிக்க மாட்டாளாம் சார். குடிச்சா வெளிய போகணும், போகணும்னா கையத் தூக்கி உங்ககிட்ட கேக்கணும். எல்லாரும் திரும்பிப் பாப்பாங்கன்னு பயமாம். அதனால குடிக்கறதே இல்ல." அந்த அம்மா அழவில்லை. வரிசை மாறாமல் சொல்லிவிட வேண்டும் என்று வந்தவர்போலச் சொன்னார். "பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் ஒரு பாட்டில் தண்ணிய ஒரே மூச்சுல குடிப்பா. தெனமும். நான் வெயில்னு நெனச்சேன். மெதுவா குடிடி, பொறையேறும்னு திட்டுவேன்."

"அம்மா…" என்றார் சார்.

அந்த அம்மா தாளைத் தொட்டார். "பெஞ்சு மேல ஏறுற பொண்ணு இல்ல அவ. பாடினதே இல்ல. இதப் படிச்சதும் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. ஆனா நீங்க கத கட்டினீங்கன்னும் தோணல. இவ்வளவு உசுரோட யாராலயும் கத கட்ட முடியாது. இது யாரோ ஒரு பொண்ணு. நெசமா இருந்த பொண்ணு. யாரு சார் இது?"

"பழைய மாணவிம்மா. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி படிச்சவ."

"இருக்காளா?"

"இருக்கா. கல்யாணம் ஆகி, ரெண்டு குழந்தைங்க. போன வருஷம்கூட வந்து பாத்துட்டுப் போனா."

"இருக்கட்டும். நல்லா இருக்கட்டும்." நிஜமாகவே வாழ்த்துகிற குரல்.

சார் எழுந்துவிட்டார். மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, "நான் இப்பவே உங்க கூட வர்றேம்மா. அவர்கிட்ட உண்மைய சொல்லிடறேன். கால்ல விழச் சொன்னாலும் விழறேன்" என்றார். அந்த ஒரு நிமிஷம் மனிதர் வேஷம் போடவில்லை, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

"ஐயோ, வேண்டாம் சார்!" அந்த அம்மா பதறிப்போய்த் தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். "அதச் சொல்லத்தான் நான் வந்ததே. தயவுசெஞ்சு அவர்கிட்ட வாயத் தொறந்துடாதீங்க. இதப் படிச்சுட்டுத்தான் வேலைக்கே எந்திரிச்சுப் போறாரு. டிப்போல எல்லார்கிட்டயும் காட்டறாரு, எம் பொண்ணு இப்படி, எம் பொண்ணு அப்படின்னு. ராத்திரில இத நெஞ்சு மேல வெச்சுகிட்டு அழறாரு. பக்கத்துல படுத்துகிட்டு நான் கேட்டுட்டிருப்பேன். அவர் இந்தப் பொண்ணுக்குத்தான் அழறாரு சார். எம் பொண்ணுக்கு அழறதுக்கு நான் ஒருத்திதான் இருக்கேன்."

சார் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். அந்த அம்மா தாளைப் பழைய மடிப்பிலேயே மடித்துப் பைக்குள் வைத்தார். கணவர் எழுவதற்குள் பாக்கெட்டில் திரும்ப வைத்துவிட வேண்டும் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகள் கத்திக்கொண்டு ஓடும் தாழ்வாரத்தின் வழியாக, யார்மேலும் இடித்துக்கொள்ளாமல் ஓரமாகவே வேகமாக நடந்து போனார்.